காய்ச்சலும் பாய்ச்சலும்: மலையிலும் கடற்கரையிலும் சளிப்பூஞ்சை தேடுவது

சளிப்பூஞ்சை என்று பேச்செடுத்தாலே "அது காளான் வகையா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை. பெயரில்தான் பூஞ்சை இருக்கிறது. செடியும் கிடையாது, விலங்கும் கிடையாது, அமீபாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். நல்ல மழை பெய்து ஒன்றிரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, விழுந்து கிடக்கும் மரக்கட்டையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வலைபின்னிக்கொண்டு ஏதோ படர்ந்திருக்கும். இல்லையென்றால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாகக் காம்பு வைத்த உருண்டைகள் நிற்கும். இரண்டும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள். உலகம் முழுக்க ஏறக்குறைய 1000 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் தினமும் அதைத் தாண்டி நடக்கிறவர்களில் அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மலையில் அதிகமா, கடற்கரையில் அதிகமா என்ற கேள்வியைச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். இங்கே இருக்கிற உயரமான இடமே புக்கிட் தீமா குன்றுதான், அதுவும் சுமார் 164 மீட்டர். ஆனால் அந்தக் குன்றின் மழைக்காடு, சுங்கை பூலோவின் அலையாத்திக் காடு, ஈஸ்ட் கோஸ்ட்டின் சவுக்கு மர மணல், மூன்றையும் பஸ்ஸும் எம்ஆர்டி ரயிலும் பிடித்து ஒரே நாளில் பார்த்துவிடலாம். இப்படி ஒரு வசதி வேறு எத்தனை நகரங்களில் கிடைக்கும்? கொஞ்சம் மெனக்கெட்டு எல்லை தாண்டினால் மலேசியாவின் கேமரன் மலை இருக்கவே இருக்கிறது.

முதலில் அதன் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது எதுவும் புரியாது. ஸ்போரிலிருந்து, அதாவது விதை மாதிரியான நுண்துகளிலிருந்து, வெளிவருவது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல். மண்ணில், சருகில், மரப்பட்டை இடுக்கில் பாக்டீரியாவைத் தின்றுகொண்டு கிடக்கும். தண்ணீர் நிறைய இருந்தால் அதற்குச் சாட்டை முளைக்கும், நீந்தும். தண்ணீர் வற்றினால் சாட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு அமீபா போல ஊரும். பொருத்தமான இரண்டு செல்கள் சேர்ந்ததும் வேறு கதை தொடங்குகிறது. உள்ளே இருக்கும் நியூக்ளியஸ் இரண்டாகி, நான்காகி, ஆயிரங்களாகி, லட்சங்களாகப் பெருகும், ஆனால் செல் மட்டும் பிரியவே பிரியாது. அப்படி வளர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவி நிற்கிறதே மஞ்சள் கூழ், அந்த மொத்தமும் ஒரே செல்தான். அதற்குப் பெயர் பிளாஸ்மோடியம் (மலேரியாக் கிருமிக்கும் இதே பெயர்தான், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை). மணிக்கு ஒரு சென்டிமீட்டர் போல நகர்ந்து பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை இழை என்று அகப்பட்டதைச் சுற்றி வளைத்து விழுங்கும். சாப்பாடு தீர்ந்ததும் இருட்டையும் ஈரத்தையும் விட்டு வெளிச்சமான, காய்ந்த இடமாகப் பார்த்து மேலே ஏறி, பெரும்பாலும் ஒரே ராத்திரியில், மொத்த உடம்பையும் ஸ்போர்க் கூடுகளாக மாற்றிவிடும். அதற்கு முன்பே ஈரம் போய்விட்டால் இறுகி ஓடு மாதிரி உறங்கிவிட்டு, மழை வந்ததும் எழுந்து நகர ஆரம்பிக்கும்.

ஆக, தின்னவும் வளரவும் ஈரம் வேண்டும், ஸ்போரைப் பரப்பக் காய்ச்சல், அதாவது உலர்வு, வேண்டும். மலையா கடலா என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மீட்டர் கணக்கில் உயரம் அளப்பது இரண்டாம்பட்சம்.

கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சிக்குப் பக்கத்தில், சுமார் 2000 மீட்டர் உயரத்தில், ஒரு பாசிக்காடு இருக்கிறது. போனவர்களுக்குத் தெரியும், மரத்தின் அடி, கிளை, வேர் எல்லாமே பாசி போர்த்திக்கொண்டு, தொட்டால் தண்ணீர் சொட்டும். எங்கே பார்த்தாலும் அழுகிய மரம், எந்நேரமும் மேகம். சளிப்பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே லென்ஸை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மதியம் வரை கட்டை கட்டையாகப் பார்த்தால் கிடைப்பது கொஞ்சம்தான். கிடைக்கிறவற்றிலும் பாதிக்கு மேல் வெள்ளைப் பூசணம் ஏறி, கூடு நைந்து, என்ன இனம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கும். அந்த மலையில் ரிங்லெட் ஊரில் இருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இங்க துணி காயவே ரெண்டு நாள் ஆகும்மா, அது எப்படிக் காயும்?" என்றார். தேயிலைத் தோட்டத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர், சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

ஆராய்ச்சிகளும் இதையேதான் சொல்கின்றன. ஸ்டீவன் ஸ்டீபன்சன், மார்ட்டின் ஷ்னிட்லர் ஆகிய இரண்டு சளிப்பூஞ்சை ஆய்வாளர்களும் மத்திய, தென் அமெரிக்காவில் நிறைய அலைந்து பார்த்தவர்கள். கோஸ்டா ரிக்காவில் நான்கு வகைக் காடுகளை ஒப்பிட்டதில், சளிப்பூஞ்சை வளமாக இருந்தது உலர் காட்டில். உயரமும் ஈரமும் ஏற ஏற இனங்கள் குறைந்துகொண்டே போயின. எக்குவடோரின் மேகக்காட்டில் இன்னொரு சங்கதியும் தெரிந்தது. தரையில் கிடக்கும் சருகு ஊறிப்போய் உதவாமல் கிடக்க, சளிப்பூஞ்சைகள் மேலே போய்விட்டன: மரத்திலேயே தொங்கும் காய்ந்த இலை, ஹெலிகோனியா மாதிரிப் பெரிய செடிகளின் வாடிய பூங்கொத்து, இப்படிக் காற்று படுகிற இடங்களுக்கு. ஸ்போர் ஒவ்வொன்றும் சுமார் 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறை வரிசையாக வைக்கலாம். காற்று வந்து ஊதினால்தான் அது பறக்கும். நனைந்து ஒட்டிக்கொண்டால் அது அங்கேயே கிடக்கும், பூசணம் வந்து தின்றுவிடும்.

இதற்காக மலை என்றாலே சளிப்பூஞ்சைக்கு ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பனி விழும் மலைகளில் நடப்பது வேறு. ஆல்ப்ஸ், ஜூரா மலைகளில் வசந்த காலத்தில் பனி உருகிப் பின்வாங்குகிற ஓரத்தில் மட்டும் கூடு கட்டுகிற ஒரு தனிக்கூட்டமே இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் சுவிட்சர்லாந்தின் சார்ல்ஸ் மெய்லான் அவற்றைத் தேடித் தேடி விவரித்தார். பனிப்போர்வைக்கு அடியில் மண் உறையாமல் ஈரமாக இருக்கும், அங்கே அமீபாக்கள் மாதக்கணக்கில் தின்று பெருகும், போர்வை விலகியதும் வெயிலும் காற்றும் வந்துவிடும். அங்கேயும் ஈரம், அப்புறம் காய்ச்சல். நம் வெப்பமண்டல மேகக்காட்டில் இந்த இரண்டாவது பாதி வருவதே இல்லை.

சரி, கடற்கரைக்கு வருவோம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா முழுக்க கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அங்கே இருக்கிற மரம், மணல், சருகு எதற்குமே நூறு வயது கிடையாது. ஆனாலும் வாதுமை மரத்தின் பெரிய இலைகள் உதிர்ந்து அடுக்கடுக்காகக் கிடக்கிற இடங்களில், மேல் இலை மொரமொரவென்று காய்ந்தும் கீழ் இலை ஈரமாகவும் இருக்குமே, அந்த நடு அடுக்கைப் புரட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புத் தூள் பூசிய மாதிரி ஃபைசாரம் என்ற சளிப்பூஞ்சை வகையின் இனங்கள் அங்கே இருக்கும். ஃபைசாரம், டிடிமியம் எல்லாம் உண்மையிலேயே தம் கூட்டின் மேல் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைப்பவை. அமிலத்தன்மை கூடிய இடத்தை அவை அவ்வளவாக விரும்புவதில்லை. கிரிப்ரேரியா வகைகளோ இதற்கு நேர்மாறு, ஊசியிலை மரங்களின் அழுகிய கட்டைதான் அவற்றுக்குப் பிடித்த இடம். எந்த மரம், பட்டையின் அமிலம் எவ்வளவு, கட்டை எந்த அளவுக்கு அழுகியிருக்கிறது என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். மலை, கடற்கரை என்று இரண்டே கட்டத்துக்குள் போட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த விவரம் எல்லாம் நழுவிவிடும்.

அந்தப் பூங்காவில் ஒருநாள் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி, நான் முழங்காலில் உட்கார்ந்து தரையைத் துழாவுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அறந்தாங்கிப் பக்கம் ஊர். லென்ஸைக் கையில் கொடுத்து இலையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "மழை விட்டதும் எங்க ஊரு வைக்கோல் போர்ல மஞ்சளா நுரை மாதிரி ஒண்ணு கெளம்பும், ரெண்டு நாள்ல பொடியாப் போயிரும், அதுவும் இதுதானா?" என்றார். பெரும்பாலும் அது ஃபுலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சையாக இருக்கும் என்றேன். 1973இல் அமெரிக்காவின் டல்லாஸ் பக்கத்தில் ஒரு வீட்டுப் புல்தரையில் இதே ஃபுலிகோ கிளம்பி, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்ததோ என்று ஜனங்கள் பதறிய கதையையும் சொன்னேன். ஈரமும் வேண்டும் வெயிலும் வேண்டும் என்று நான் விளக்கியதும் அவர் சட்டென்று, "நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுற மாதிரி" என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை. வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தாலும் பயிர் கெடும், காய்ந்துகொண்டே இருந்தாலும் கெடும். சளிப்பூஞ்சையின் கணக்கும் அதேதான், அதனால் அவர் சொன்னதையே தலைப்பாக வைத்துவிட்டேன்.

கடற்கரையில் இன்னொரு பிரச்சினை உப்பு. இதைப் பற்றி துலூஸ் நகரத்தில் ஆத்ரே துசூத்தூரின் குழு ஓர் அழகான சோதனை செய்தது, 2016இல் வெளிவந்தது. ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்ற மஞ்சள் இனத்துக்கு உப்பு பிடிக்காது. அதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே உப்புப் பாலம் ஒன்றைப் போட்டால் தயங்கித் தயங்கித்தான் கடக்கும். நாள்தோறும் அதே பாலத்தைக் கடக்க வைத்தால் பழகிப்போய் சாதாரணமாகக் கடக்க ஆரம்பிக்கிறது. ஆச்சரியம் அதற்கு மேல்தான். பழகிய ஒன்றையும் பழகாத ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும், நடுவில் நரம்பு போல ஒரு குழாய் உண்டாகும், சில மணி நேரம் கழித்துப் பிரித்துவிட்டால் பழகாததும் பழகியது போலவே உப்பைக் கடக்கிறது. மூளை கிடையாது, நரம்பு மண்டலம் கிடையாது, ஒரே ஒரு செல். ஓட்ஸ் துணுக்குகளை ஊர்களாக வைத்து டோக்கியோ ரயில் பாதையைப் போன்ற வலையை இதே உயிர் போட்டுக் காட்டிய 2010ஆம் ஆண்டுச் சோதனையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கென்னவோ இந்த உப்புச் சோதனைதான் பெரிதாகத் தெரிகிறது.

சோதனைக்கூடத்தில் நடந்ததைக் கொண்டுபோய் அலையாத்திக் காட்டில் அப்படியே பொருத்த முடியாது, அது வேறு இடம், வேறு இனங்கள். ஆனால் சுங்கை பூலோவிலோ பாசிர் ரிஸ் பலகைப் பாதையிலோ நின்று பார்த்தால் உப்பு எங்கே கோடு கிழிக்கிறது என்பது தெரியும். ஓதம் ஏறி மூழ்குகிற உயரம் வரை மரத்தில் சேறும் சிப்பியும் நத்தையும்தான். அதற்கு மேலே, தண்ணீர் தொடாத கிளைகளிலும், கரையோரம் சாய்ந்து கிடக்கும் பூவரசங் கட்டைகளிலும், மழை மட்டும் படுகிற இடங்களில் தேட வேண்டும். ஆர்சிரியா சினேரியா என்ற இனம் அப்படி ஒரு கட்டையில் கிடைத்தது. கட்டையின் விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ தூசி. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பில் நிற்கிறது. மேல் ஓடு உதிர்ந்துபோய், அடியில் மட்டும் சின்னக் கிண்ணம் மிச்சம், அதிலிருந்து நூல்கள் பின்னிக்கொண்டு மேலே நிமிர்ந்திருக்கின்றன. மெல்ல மூச்சு விட்டேன், அந்த ஈரத்துக்கே நூல்கள் அசைந்தன, ஸ்போர்கள் கொஞ்சம் பறந்தன. இத்தனை நுணுக்கமான வேலைப்பாடு நின்றுகொண்டிருந்தது அரிசி மணியைவிடக் குறைந்த உயரத்தில்.

புக்கிட் தீமாவில் நிலவரம் இரண்டுக்கும் நடுவே. மழை நிறைய, ஆனால் மேகம் வந்து அடைத்துக்கொள்ளும் உயரம் இல்லை, மழை விட்டால் மரங்களுக்கு இடையே காற்று ஓடும், கட்டைகளின் மேற்புறம் காயும். பாதையோரத்திலேயே செரேட்டியோமிக்ஸாவின் வெள்ளைத் தூண்கள், கரிய காம்பில் பழுப்பாக நிமிர்ந்து நிற்கும் ஸ்டெமோனைட்டிஸ், பொன்மஞ்சளில் வலையாகவே இறுகிவிடும் ஹெமிட்ரைக்கியா செர்புலா எல்லாம் கண்ணில் படும். 1854இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இந்தக் குன்றில் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டு சேர்த்தார். வெட்டிப்போட்ட மரங்கள் அழுகிக் கிடந்ததுதான் அவருக்கு அவ்வளவு வண்டு கிடைக்கக் காரணம். சளிப்பூஞ்சையின் ஸ்போரையே தின்று வாழும் வண்டுகளும் உண்டு, அழுகிய மரம் இருந்தால் இருவருக்கும் பிழைப்பு.

ஜப்பானின் மினக்கத்தா குமாகுசுவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வராது. 1867இல் பிறந்தவர், லண்டனில் பல ஆண்டுகள் படித்துவிட்டு ஊர் திரும்பி, குமானோ மலைக்காடுகளில் நாச்சி அருவிப் பக்கம் தங்கிச் சளிப்பூஞ்சை சேர்த்தார். பிறகு தானாபே என்ற கடற்கரை ஊரில் குடியேறிக் கடைசிவரை அங்கேயே இருந்தார். மலை, கடல் இரண்டையும் அலசிய அந்த மனிதருக்கு ஒரு புதிய பேரினமே கிடைத்தது எங்கே தெரியுமா? சொந்த வீட்டுத் தோட்டத்துச் சீமைப்பனிச்சை மரத்தில். லண்டனில் இருந்த சளிப்பூஞ்சை ஆய்வாளர் குலியெல்மா லிஸ்டர் 1921இல் அதற்கு மினக்கத்தெல்லா என்று அவர் பெயரையே வைத்தார். சின்னக் கோயில்களை இணைத்துவிட்டு அவற்றைச் சுற்றியிருந்த தோப்புகளை வெட்டும் அரசாங்கத் திட்டத்தை எதிர்த்துப் போராடி 1910இல் சிறைக்குப் போனவரும் அவர்தான். 1929இல் பேரரசர் ஹிரோஹிதோ தானாபேக்கு வந்தபோது மினக்கத்தா 110 மாதிரிகளைக் காரமெல் மிட்டாய்ப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார். பேரரசருக்கும் சளிப்பூஞ்சை மீது பெரிய ஈடுபாடு இருந்தது. கோயில் தோப்பு என்றால் நமக்கும் தெரியும், நம் ஊர்க் கோயில்காடுகளில் அருவா எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவர்கள் எதையெதையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறார்களோ.

வீட்டிலும் பார்க்கலாம். 1933இல் கில்பர்ட், மார்ட்டின் என்ற இருவர் உயிருள்ள மரத்தின் பட்டையை ஈரமாக மூடிவைத்தபோது அதில் சளிப்பூஞ்சை கூடு கட்டியதைக் கண்டார்கள், அன்றிலிருந்து உலகம் முழுக்க அதே முறைதான். அக்கா வீட்டு ரம்புத்தான் மரத்திலிருந்து தானாக உதிர்ந்த பட்டைத் துண்டுகளை பெட்ரி தட்டில் வடிதாள் மேல் பரப்பி, காய்ச்சி வடித்த நீர் ஊற்றி ஒருநாள் ஊறவைத்து, மிச்ச நீரைக் கொட்டிவிட்டு, மூடி சன்னலோரம் நேர் வெயில் படாமல் வைத்தேன். பல நாள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு காலையில் பட்டை ஓரத்தில் நூலிழை கனத்தில் ஒரு வெள்ளை நரம்பு. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் உள்ளே துகள்கள் ஒரே பக்கமாக ஓடுகின்றன, வேகம் குறைகிறது, நிற்கிறது, பிறகு வந்த வழியே திரும்பி ஓடுகிறது, ஒரு நிமிடம் போலக் கழித்து மறுபடி இந்தப் பக்கம். இந்தப் போக்குவரத்தில் போகிற பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போவதால்தான் அது முன்னேறுகிறது. வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதே மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணில் படுகிற கூடுகளை மட்டும் எண்ணி "இங்கே இத்தனை இனம்" என்று சொல்வதில் ஒரு குறை இருக்கிறது. அமீபாவாக மண்ணில் கிடப்பவை கூடு கட்டாமலே காலம் தள்ளலாம். மண்ணின் டிஎன்ஏவைப் பரிசோதித்தவர்கள் மேலே காணக் கிடைக்காதவற்றையும் கண்டிருக்கிறார்கள். பாசிக்காட்டில் கூடு குறைவு என்றுதான் நான் சொல்கிறேன், உயிர் குறைவு என்று சொல்லவில்லை. சிங்கப்பூரைப் பொறுத்தவரை, இங்குள்ள சளிப்பூஞ்சைகளைப் பற்றி 2011இல் பசிபிக் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது, பழைய பட்டியலில் இல்லாத இனங்களைச் சேர்த்தது. அந்தப் பட்டியல் இன்னும் வளர வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் தேடுகிற கண்கள் அவ்வளவு குறைவு.

ஒரே ஒரு மனக்குறை. எங்கள் புளோக்கைச் சுற்றி விழுகிற இலை மதியத்துக்குள் காணாமல் போய்விடுகிறது, தூங்குமூஞ்சி மரத்தின் கிளை முறிந்தால் அன்றைக்கே லாரி வந்துவிடுகிறது. நடைபாதையில் கிடப்பதை எடுக்கத்தான் வேண்டும், கொசு பெருகக் கூடாது, எல்லாம் சரி. ஆனால் புதர் ஓரத்தில், யார் காலிலும் படாத மூலையில், ஒரு கட்டையை அப்படியே விட்டுவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? காப்புக்காடுகளில் விழுந்த மரத்தை விட்டுவைக்கிறார்கள், அதே நியாயத்தைக் குடியிருப்புத் தோட்டத்தின் ஒரு மூலைக்கும் தரலாம் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: வடகிழக்குப் பருவமழையில் அடைமழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் அடித்ததும் கிளம்புங்கள். கட்டையின் பக்கவாட்டையும் அடிப்புறத்தையும் பாருங்கள், புரட்டினால் இருந்தபடியே திருப்பி வையுங்கள். காப்புக்காட்டிலும் பூங்காவிலும் எதையும் எடுத்துவரக் கூடாது, படம் போதும். படம் எடுக்கும்போது காம்பு தெரியும்படி பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, எந்த மரம் அல்லது இலை என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு சில்லறைக் காசு வைத்து ஒன்று எடுத்து, இடத்தையும் தேதியையும் சேர்த்து, உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டுவிடுங்கள். மஞ்சள் கூழாக இருக்கும்போது என்ன இனம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் முடிந்தால் மறுநாள் காலையிலும் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள், அதற்குள் கூடு கட்டியிருக்கலாம்.